எங்கள் வீட்டுக்குள் வந்தது மழை வெள்ளமில்லை

2023 கார்த்திகையில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது கிராம அலுவலர் விடிந்த கையோடு வந்து பார்த்தார். நல்ல மனிதர். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டே பெயர் விவரம் எழுதி, காரணம் என்ற இடத்தில் "வெள்ள அனர்த்தம்" என்று போட்டார். அம்மா கையெழுத்து வைத்துவிட்டார். அந்த இரண்டு சொல்லின் பின்னால் பதினைந்து மாதம் அலைந்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள், உங்கள் ஒழுங்கையிலும் யாரோ கிடங்கு வெட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

எங்கள் வீடு மானிப்பாய்க்கும் சண்டிலிப்பாய்க்கும் இடையில். ஒழுங்கையோரம் ஒரு வெள்ள வாய்க்கால் போகிறது. ஒழுங்கையின் முடிவில் சின்ன மதகு ஒன்று, அதற்கு அங்கால் குளம். குளம் நிரம்பினால் மிஞ்சுவது வழுக்கியாற்றுப் பக்கம் இறங்கி அராலியில் கடல்நீரேரிக்குப் போகும். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, மேடு இல்லை. இந்த மாதிரி வாய்க்காலும் மதகும் குளமும்தான் எங்கள் வீடுகளைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. 2008 நிஷா புயலுக்குக்கூட எங்கள் முற்றத்தில் நின்ற தண்ணீர் வாசற்படி ஏறவில்லை.

2023 புரட்டாதியில் ஒரு கம்பனி நிலத்தடிக் கேபிள் புதைக்க வந்தது. எங்கள் பக்கம் ஒன்றிரண்டு அடி மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். பிரேக்கர் போட்டு உடைத்தார்கள். உடைத்த கல் திரும்ப அதே கிடங்குக்குள் அடங்காது, இது மேசன்மாருக்கெல்லாம் தெரிந்த விடயம். மிஞ்சிய கல்லை லொறியில் ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும். அவர்கள் வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டு மேலே மண் போட்டார்கள். அதைவிட மோசம் மதகில் நடந்தது. கேபிள் போகும் குழாயை மதகின் வாயை மறித்துக் கொண்டுபோய், சுற்றிவரக் கொங்கிறீட் போட்டு இறுக்கிவிட்டார்கள். தண்ணீர் போகிற வழியில் பாதி அத்தோடு அடைந்தது. நான் அப்போதே கேட்டேன். "மழைக்கு முதல் கிளீன் பண்ணித் தருவம் அண்ணை" என்றார் சுப்பர்வைசர். நானும் நம்பினேன்.

மழை ஒரே ஒரு இரவுதான் பெய்தது. கார்த்திகையில் வழமையாகப் பெய்கிற மழை. விடியப்புறம் மூன்று மணிக்கு அம்மா எழுந்து காலை வைத்தபோது அறைக்குள் தண்ணீர். அலுமாரியின் அடித்தட்டில் இருந்த சீலைகள், தையல் மெஷின், குசினியில் இரண்டு மூட்டை அரிசி, கிணற்று மோட்டர் எல்லாம் போய்விட்டன. இதெல்லாம் காசு கொடுத்தால் திரும்ப வாங்கலாம். எனக்குத் தாங்க முடியாமல் போனது கிணறுதான். மலசலகூடக் குழி நிரம்பி வழிந்தது. சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள்ளால் அழுக்குத் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அடுத்த நாள் பார்த்தேன். அம்மா வாளியைத் தூக்கி மணந்து பார்த்துவிட்டு, "தம்பி, இந்தத் தண்ணி இனிக் குடிக்கேலாது" என்றார். ஐம்பது வருடமாக நாங்கள் குடித்த தண்ணீர்.

மூன்றாம் நாள் அந்தக் கம்பனி ஆட்கள் வந்தார்கள். "மழைதானே அண்ணை, எல்லா இடமும்தான் வெள்ளம்" என்றார்கள். பிறகு, உதவியாக இருக்கட்டும் என்று 25,000 ரூபா தருவதாகச் சொன்னார்கள். அம்மா என்னைப் பார்த்து மெதுவாக, "தாறதை வாங்குவம்" என்றார்.

நான் சொல்ல வந்ததே அம்மாவின் அந்தப் பேச்சைப் பற்றித்தான். 1995 ஐப்பசியில் போரினால் எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் எழுந்து போனபோது அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர். அதற்குப் பிறகு எத்தனை வரிசை, எத்தனை அட்டை, எத்தனை தறப்பாள். வரிசையில் நின்று, தருவதை வாங்கி, தந்தவருக்கு நன்றி சொல்லித்தான் எங்கள் பெற்றோர் எங்களை வளர்த்தார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தால், யாரோ ஒருவர் எங்கள் வீட்டைப் பழுதாக்கிவிட்டு அதற்காகக் கொஞ்சக் காசை நீட்டும்போதும் அதை நிவாரணம் என்றே நினைத்து வாங்குகிறோம். அரசாங்கம் வெள்ளத்துக்குத் தரும் உலர் உணவு நிவாரணம். வாய்க்காலை அடைத்தவன் தர வேண்டியது நட்டஈடு. அதைக் கணக்குப் பார்த்துக் கேட்க வேண்டும். கணக்குப் பார்க்காமல் வாங்கினால் விடயம் அத்தோடு முடிந்தது.

நான் வாங்கவில்லை. அம்மாவுக்குக் கோபம், இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

முதலில் விதானையாரிடம், அதாவது அந்தக் கிராம அலுவலரிடம், திரும்பப் போனேன். காரணத்தை மாற்றி எழுதச் சொன்னேன். "தம்பி, ஆர் பிழை எண்டு நான் எழுதேலாது. நான் கண்டதைத்தான் எழுதலாம்" என்றார். அந்த நேரம் ஏமாற்றமாக இருந்தது. இப்போது யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி. கண்டதை எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். வாய்க்கால் கல்லாலும் மண்ணாலும் மூடப்பட்டிருந்ததையும், மதகு வாயில் புதிய கொங்கிறீட் இருந்ததையும் நேரில் பார்த்ததாகத் திகதி போட்டு எழுதித் தந்தார். பின்னர் எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது அந்த அரைப்பக்கக் கடிதம்தான். யாரிடமாவது சாட்சிக் கடிதம் கேட்டால் தீர்ப்புச் சொல்லச் சொல்லாதீர்கள், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் நாட்டில் இந்த மாதிரி விடயத்துக்கு அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு இதில் வேலை இல்லை. சுருக்கமாகச் சொன்னால், அவர்கள் கவனயீனமாக வேலை செய்தார்கள், எங்களுக்கு நட்டம் வந்தது, இந்த நட்டம் அந்தக் கவனயீனத்தால்தான் வந்தது, இந்த மூன்றையும் நாங்கள்தான் காட்ட வேண்டும். முதல் இரண்டும் அவ்வளவு கடினமில்லை. மூன்றாவதில்தான் எல்லோரும் தோற்கிறார்கள், ஏனென்றால் மழை பெய்தால் வெள்ளம் வரும் என்று யாரும் சொல்லிவிடலாம். "வெள்ள அனர்த்தம்" என்ற சொல்லுக்கு நான் இவ்வளவு பயந்தது அதனால்தான்.

வீதியை வெட்டுகிறவர்கள் சும்மா வந்து வெட்ட முடியாது, அனுமதி எடுக்க வேண்டும். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தர வீதிகள் மாகாண வீதித் திணைக்களத்துக்கு, எங்கள் ஒழுங்கை போன்றவை பிரதேச சபைக்கு. யாருடைய வீதி என்று தெரியாமல் கடிதம் எழுதினால் ஒரு அலுவலகம் இன்னொன்றைக் காட்டிவிடும். எனக்கு முதல் இரண்டு மாதம் அப்படித்தான் போனது. பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபைக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தேன். அந்தக் கம்பனிக்குக் கொடுத்த அனுமதிக் கடிதத்தின் பிரதியும் நிபந்தனைகளும் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு செய்ய வேண்டும். பிரதி கையில் வந்தது. ஆறாவது நிபந்தனை: வடிகால்களும் மதகுகளும் எக்காரணம் கொண்டும் தடைப்படக்கூடாது, அகழ்ந்த பொருட்கள் அப்புறப்படுத்தப்பட வேண்டும். கீழே கம்பனியின் கையெழுத்து. அந்தப் பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் "தாறதை வாங்குவம்" என்று சொல்லவில்லை.

நட்டக் கணக்கு எழுதுவதில் ஒரு பிழை விட்டேன், அதையும் சொல்கிறேன். முதல் கிழமையே மேசனைக் கூட்டிவந்து சுவருக்கு மதிப்பீடு எடுத்தேன். எங்கள் சுவர் பழைய சுண்ணாம்புக் கட்டு. தண்ணீர் குடித்த சுவர் காய மாதக்கணக்கில் ஆகும். தை, மாசி வெயில் வந்தபின்தான் உப்புப் பூத்து, பூச்சு தட்டுத்தட்டாகக் கழன்றது. முதல் மதிப்பீட்டில் பெயின்ட் மட்டும்தான் இருந்தது. பங்குனியில் திரும்பவும் மதிப்பீடு எடுத்தபோது தொகை மூன்று மடங்கு. இதற்கு இடையில் கம்பனி 40,000 ரூபாவுக்கு ஏறி, ஒரு கடிதத்தையும் நீட்டியது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம். இதற்குமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்பதுதான் அதன் சாரம். எழுபது வயது மனுசியிடம் அவவுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்துக் கேட்டதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. சுவர் காயும்வரை எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். என்ன மொழியில் இருந்தாலும் சரி.

கிணற்றை மூன்று தரம் இறைத்தோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்னபடி குளோரின் போட்டு, தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, அறிக்கை வரும்வரை குடிதண்ணீர் வாங்கினோம். ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு வைத்திருந்தேன். கடிதங்களை எல்லாம் பதிவுத் தபாலில்தான் அனுப்பினேன், துண்டுகளை ஒரு பைலில் ஒட்டி வைத்தேன்.

அனுமதிப் பிரதியைக் காட்டிச் சபைக்கு எழுதியபின், 2024 ஆடியில் கம்பனி வந்து மதகை உடைத்துத் திறந்தது. வாய்க்கால் கல்லையும் அள்ளியது. அதே வருடம் கார்த்திகைக் கடைசியில் பெங்கல் புயல் மழை. யாழ்ப்பாணம் எப்படி இருந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். முதல் வருடம் பெய்ததை அதன் பக்கத்தில் வைக்கவே முடியாது. எங்கள் முற்றத்தில் தண்ணீர் நின்றது, வாசற்படி ஏறவில்லை. நான் இரவிரவாக மணித்தியாலத்துக்கு ஒருமுறை படியைப் படம் எடுத்தேன். அந்தப் படங்களையும் முந்தின வருடப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மழையா மதகா காரணம் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

மார்கழியில் மத்தியஸ்த சபைக்குப் போனேன். சின்னத் தொகைப் பிணக்குகள் நீதிமன்றத்துக்கு முதல் அங்கேதான் போக வேண்டும், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி. சட்டத்தரணி வந்து வாதாடும் இடமில்லை அது, நாங்களே பேசலாம். மூன்று பேர் இருப்பார்கள். ஒருவரை நாங்கள் தெரிவு செய்யலாம், ஒருவரை எதிர்த்தரப்புத் தெரிவு செய்யலாம். இணக்கம் வராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் தருவார்கள், அதோடு வழக்குக்குப் போகலாம். முதல் தவணைக்குக் கம்பனி வரவில்லை. இரண்டாம் தவணைக்கு வந்தவர் மழையைப் பற்றியே பேசினார். நான் ஆறாம் நிபந்தனையையும் விதானையாரின் கடிதத்தையும் இரண்டு வருடப் படங்களையும் மேசையில் வைத்தேன். நான் கேட்டது 412,000 ரூபா. மாசியில் 290,000க்கு இணங்கினோம். தையல் மெஷினுக்கும் சீலைகளுக்கும் பழைய பெறுமதிதான் தருவோம் என்றார்கள், அதில் நியாயம் இருந்தது. அரிசிக்கு ஒன்றும் தரவில்லை. அம்மா இரவில் கட்டிலில் ஏறியிருந்து விடியும்வரை நடுங்கியதற்கு யாரும் விலை கேட்கவுமில்லை.

பிரதேச சபைகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. வீதி வெட்ட அனுமதி கொடுக்கும்போது வாங்குகிற வைப்புப் பணத்தை, மேலே தார் பூசியதும் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஒரு மாரி போகட்டும். கிடங்கு ஒழுங்காக மூடப்பட்டதா, தண்ணீர் ஓடுகிறதா என்பதை ஐப்பசியும் கார்த்திகையும் காட்டித்தரும். அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளைத் தமிழில் ஒரு பலகையில் எழுதி வேலை நடக்கும் ஒழுங்கை முகப்பில் வைத்தால் போதும், என்னைப் போல ஒருவர் மாதக்கணக்கில் அலைந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வேலை நடக்கும்போதே சனம் கேட்கும்.

எங்கள் ஒழுங்கையில் அன்று தண்ணீர் ஏறிய வீடு எங்களுடையது மட்டுமில்லை. மதகுக்குக் கிட்ட இருக்கும் இரண்டு வீட்டாரும் அந்த 25,000 ரூபாவையும் வாங்கவில்லை, கடிதமும் எழுதவில்லை. ஒருவர் வெளிநாட்டில், வீட்டில் அவருடைய தாயார் தனியே. மற்றவர் வேலைக்குப் போகிறவர், லீவு எடுக்க முடியாது என்கிறார். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, இந்த மாதிரி நட்டத்துக்கு இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அவர்களுக்கு அது 2025 கார்த்திகையோடு முடிகிறது. இதை எழுதும்போது 2025 ஆடி பிறந்துவிட்டது. அனுமதிப் பிரதி, விதானையாரின் கடிதம், படங்கள் எல்லாவற்றையும் இரண்டு செட் போட்டோ கொப்பி அடித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாறேன் என்று தனியே இருக்கும் அந்த மாமியிடம் சொல்லியிருக்கிறேன், அவர்களின் சுவரையும் ஒருக்கால் பார்க்க வேண்டும்.