உறைபனி பூச்சிமருந்து அல்ல

"வெப்பமண்டலச் செடிகளை முதல் உறைபனி விழும்வரை வெளியிலேயே விடுங்கள். குளிரில் பூச்சியெல்லாம் செத்துவிடும், அப்புறம் உள்ளே எடுக்கலாம்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. இது தவறு.

இவற்றில் பல செடிகள் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே வாடத் தொடங்கும். உறைபனி பட்டால் இலை கருகிவிடும். ஆனால் இலைக்கணுவிலும் தொட்டி மண்ணிலும் ஒளிந்திருக்கும் பூச்சிகள் ஓர் இரவுக் குளிரில் தப்பிவிடும். அவை செடியோடு உள்ளே வந்துவிடும். சூடேற்றிய வீட்டின் வறண்ட காற்று, சிலந்திப்பேன் என்ற மிகச்சிறிய செடிப்பூச்சிக்குக் கொண்டாட்டம்தான்.

இரவு வெப்பநிலை 13 டிகிரியை நெருங்கும்போதே உள்ளே எடுப்பது நல்லது. அதற்கு முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். கணுவில் பஞ்சுபோல் ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. வெள்ளைத் தாளுக்கு மேல் இலையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் சிலந்திப்பேனாக இருக்கலாம். தண்ணீரைப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவி, தேவையானால் பூச்சிக்கொல்லி சோப்புக் கரைசல் தெளிக்கலாம். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், இலை வெந்துபோகலாம்.

சந்தேகமிருந்தால் பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி என்ற தோட்டக்கலைச் சங்கம் அல்லது அமெரிக்கப் பல்கலைக்கழக வேளாண் விரிவாக்க மையங்களின் இணையதளங்களில் சரிபாருங்கள். அந்த ஃபார்வர்டை மேலும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அதை நம்பிச் செடியை வெளியில் விட்டவர்கள் இன்றே உள்ளே எடுத்து, சில வாரம் மற்ற செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள்.