எதீரியத்தின் ஈவிஎம்மை மாற்றினால் கட்டணம் குறையுமா?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று எந்த ஊர் வட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் இப்போது இந்த விளம்பரம் கிடக்கிறது: "புது மெய்நிகர் இயந்திரம், செக்கனுக்கு 10,000 பரிவர்த்தனை, கட்டணம் சதத்திலும் கீழே." அதற்கடியில் காசு போடச் சொல்லி ஒரு இணைப்பு. போடுவதும் விடுவதும் உங்கள் பாடு, மத்திய வங்கி பல தடவை எச்சரித்தாயிற்று. நான் பேச வந்தது அந்த மெய்நிகர் இயந்திரத்தைப் பற்றி, அதாவது கிரிப்டோ நாணயங்களின் பொதுப் பதிவேடான பிளொக்செயினில் நிரல்களை ஓட்டும் மென்பொருளைப் பற்றி. அதில் உண்மையும் இருக்கிறது, புளுகும் இருக்கிறது.

உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015இல் எதீரியம் என்ற பிளொக்செயினோடு வந்த ஈவிஎம் (எதீரியம் மெய்நிகர் இயந்திரம்) ஒரு விசித்திரமான பிறவி. எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதை 256 பிட்டாகத்தான் பிடிக்கும். ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணும் லூப்புக்கும் 32 பைட். எங்களுடைய லப்டொப் பிராசசரோ 64 பிட். அதனால் ஒரு சின்னக் கூட்டலையும் நாலு துண்டாக்கி, மிச்சத்தை அடுத்த துண்டுக்குக் கடத்திச் செய்யவேண்டியிருக்கிறது. குறியாக்கக் கணக்குகளுக்கு வசதி என்றுதான் அப்படி அமைத்தார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் அது வீண் சுமை. போதாததற்கு, பரிவர்த்தனைகள் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது.

இதற்கு ஆளுக்கொரு மருந்து வைத்திருக்கிறார்கள். சொலானா என்ற இன்னொரு பிளொக்செயினில் ஒவ்வொரு பரிவர்த்தனையும் தான் தொடப்போகும் கணக்குகளை முன்கூட்டியே சொல்லவேண்டும், ஒன்றோடொன்று முட்டாதவை ஒரே நேரத்தில் ஓடும். மோனாட் என்ற பிளொக்செயின் ஈவிஎம்மை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கிறது, முட்டியதை மட்டும் திருப்பி ஓட்டும். எதீரியத்தின்மேல் ஓடும் ஆர்பிட்ரம் 2024இல் கொண்டுவந்த ஸ்டைலஸில் ரஸ்ட், சி என்ற நிரல் மொழிகளில் எழுதி, வெப்அசெம்பிளி என்ற கட்டளை வடிவத்துக்கு மாற்றி ஓட்டலாம். எல்லாமே நல்ல வேலைதான், நான் மறுக்கவில்லை.

சரி, இப்போது கட்டணத்துக்கு வருவோம். ரொறன்ரோவில் இருக்கும் தம்பி பரந்தனில் இருக்கும் அக்காவுக்கு எதீரியத்தின் நாணயமான ஈத்தர் கொஞ்சம் அனுப்புகிறார் என்று வையுங்கள். 21,000 காஸ் போகும், காஸ் என்பது கட்டணத்தை அளக்கும் அலகு. அதில் ஈவிஎம்மின் ஒரு கட்டளைகூட ஓடுவதில்லை! கையொப்பத்தைச் சரிபார்ப்பது, இரண்டு கணக்கின் இருப்பை மாற்றுவது, அதை உலகம் முழுக்க இருக்கும் நோட்கள் (பிளொக்செயினை நடத்தும் கணினிகள்) சேமிப்பது, இவற்றுக்குத்தான் அந்தக் காசு. டொலரோடு பிணைத்த யூஎஸ்டிடி நாணயத்தை அனுப்பினால் ஈவிஎம் ஓடும். ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஒரு கூட்டலுக்கு 3 காஸ், அக்காவின் முகவரியில் முதன்முதலாக ஒரு இருப்பை எழுத 22,100 காஸ். கூட்டலை எத்தனை மடங்கு வேகமாக்கினாலும் நீங்கள் மிச்சம் பிடிப்பது அந்த மூன்றில்தான். செலவு முழுக்க எழுதிவைப்பதில் இருக்கிறது.

2024 மார்ச்சில் எதீரியம் டென்கன் மேம்படுத்தலைச் செய்தபோது ஆர்பிட்ரம் போல அதன்மேல் ஓடும் இரண்டாம் அடுக்குச் சங்கிலிகளில் கட்டணம் சடாரென்று விழுந்தது. இயந்திரத்தை மாற்றியா விழுந்தது? இல்லை. அந்தச் சங்கிலிகளின் தரவை என்றென்றைக்கும் வைத்திருக்காமல், ஏறக்குறைய 18 நாள் வைத்துவிட்டு நீக்கும் மலிவான இடம் ஒன்றைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

அப்புறம், அனுப்பிய யூஎஸ்டிடி ரூபாயாகி அக்காவின் கைக்கு வரும் கடைசிப் படி ஒன்று இருக்கிறதே. அங்கே கழிவு எடுப்பது மனிதர். காசு மாற்றிக் கொடுக்கும் உண்டியல்காரருக்கு எந்த இயந்திரம் ஓடினால் என்ன?

காணி உறுதியைப் பிளொக்செயினில் ஏற்றுவோம் என்று வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே காணிக்கு இரண்டு பேர் பெர்மிட் வைத்திருக்கும் ஊர் இது. முதல் பதிவில் யாருடைய பெயரைப் போடுவது என்பதை பிரதேச செயலகத்தில்தான் பேசித் தீர்க்கவேண்டும்.

இவ்வளவு சொன்னாலும் ஈவிஎம்மை மாற்றவேண்டும் என்பதே என் கட்சி. காரணம் மட்டும் வேறு. இன்று ஒரு பரிவர்த்தனையை எல்லா நோட்களும் திரும்பச் செய்து பார்க்கின்றன. பூச்சிய அறிவு நிரூபணம் வந்தால் ஒருவர் ஓட்டி நிரூபணம் தருவார், மற்றவர்கள் அந்தச் சின்ன நிரூபணத்தை மட்டும் பார்த்தால் போதும். ஈவிஎம்முக்கு நிரூபணம் எடுப்பதுதான் பெரும்பாடு. 2025 ஏப்ரலில் எதீரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டரின், ஈவிஎம்முக்குப் பதிலாக ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த பிராசசர் கட்டளைத் தொகுதியை வைக்கலாம் என்று முன்மொழிந்தது இதற்காகத்தான். நிரூபணம் எடுக்கும் கருவிகள் பல ஏற்கெனவே ரிஸ்க்-ஃபைவில்தான் ஓடுகின்றன, நடுவில் ஈவிஎம்மை ஒரு மொழிபெயர்ப்பாளராக எதற்கு வைத்திருக்கவேண்டும் என்பது அவர் கேள்வி. ஈவிஎம்முக்கு எழுதிய பழைய ஒப்பந்தங்களும், அதாவது பிளொக்செயினில் ஏற்றிய நிரல்களும், தொடர்ந்து ஓடும் என்றுதான் சொன்னார்.

எங்களைப் போன்ற இடத்துக்கு இதுதான் முக்கியம். சொலானாவில் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் வலிடேட்டர் கணினி ஒன்றை நடத்த நூற்றுக்கணக்கான ஜிபி ராமும் தரவுமைய இணைப்பும் வேண்டும். புதுக்குடியிருப்பில் வீட்டில் வைத்து ஓட்டுகிற சாமான் இல்லை அது. பெரிய மெஷின் வாங்கி வரும் வேகத்தில் நாங்கள் வெறும் வாடிக்கையாளர்கள். நிரூபணத்தைக் கைபேசியிலேயே சரிபார்க்க முடிந்தால், யாரோ ஒருவருடைய சேர்வர் சொல்வதை நம்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அதற்காக வேகம் கொஞ்சம் குறைந்தாலும் எனக்குச் சம்மதம்.

அறிவியல் நகரில் படிக்கும் பிள்ளைகள், ரஸ்ட் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாங்கோ. ஒரு சின்ன நிரலை ரிஸ்க்-ஃபைவில் ஓட்டி நிரூபணம் எடுத்துப் பார்க்க ஆசை. நல்ல கிராபிக்ஸ் கார்ட் வைத்திருப்பவருக்கு முன்னுரிமை, என்னுடைய லப்டொப்பால் அது ஆகாது.