ஏமாந்தவன்தான் கோர்ட்டுக்கும் சம்பளம் கொடுக்கணுமா?

சரக்கு எடுத்தவர் எனக்கு எட்டு லட்சம் தரணும். கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சுட்டேன், இப்போ ஃபோனையே எடுக்கறதில்லை. சரி, கேஸ் போடலாம்னு வக்கீலைப் பார்த்தா, முதல்ல 24,000 ரூபாய் தயார் பண்ணுங்கன்னார். அவரோட ஃபீஸ் தனி. இது கோர்ட் ஃபீஸ். தமிழ்நாட்டுல பண வசூல் வழக்குன்னா, கேக்கற தொகையில 3 சதவீதம். அதுக்கு மேல சம்மன் அனுப்பறதுக்கு பேட்டா, வக்காலத்து ஸ்டாம்ப், நகல் செலவு.

என் பணத்தைத் தூக்கிட்டுப் போனவன் ஒரு பைசா கட்ட வேண்டாம். பறிகொடுத்த நான் கட்டணும். என்ன நியாயம் இது?

"ஜெயிச்சா செலவுத்தொகையோட சேர்த்து வந்துடும் சார்"னு குமாஸ்தா சொல்றார். எப்போ வரும்? வாய்தா மேல வாய்தா போய், பணத்தைக் கொடுன்னு கோர்ட் உத்தரவு, அதாவது டிகிரி ஆகணும். அப்புறம் அந்த டிகிரியை நிறைவேத்தச் சொல்லி ஈ.பி.ன்னு ஒரு மனு போடணும். கோர்ட் ஊழியர் அமீனா போறப்போ அந்த ஆள் பேர்ல ஜப்தி பண்றதுக்கு ஏதாவது மிஞ்சியிருக்கணும். சமரசமா முடிஞ்சா கட்டின ஃபீஸ் திரும்பக் கிடைக்கும். கோர்ட்டுக்கு வெளியில பேசி முடிச்சாலும் கொடுக்கணும்னு 2021ல சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒண்ணுல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. நல்ல தீர்ப்புதான். ஆனா பேச்சுக்கே வராதவன்கிட்ட நான் என்னத்த சமரசம் பேச?

பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் வருமானம் பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு, அதுல கோர்ட் ஃபீஸும் அடக்கம். அது கட்டாயம் இருக்கணும். சின்னதா கடை வச்சிருக்கறவன் எந்தக் கணக்குலயும் வர்றதில்லை.

2017க்கு முன்னால இங்க 7.5 சதவீதம். இதே வழக்குக்கு 60,000 கட்டியிருக்கணும்! எத்தனை பேர் "போய்த் தொலையட்டும்"னு விட்டிருப்பாங்க? குறைச்சாங்களேன்னு நிம்மதியா இருக்கவும் முடியல. பக்கத்துல கேரளாவைப் பாருங்க. செக் பவுன்ஸ் கேஸுக்கு 10 ரூபாயா இருந்த ஃபீஸை 2024ல மாத்தி, 10,000 ரூபாய்க்கு மேல போற செக்குக்கெல்லாம் 5 சதவீதம், உச்சமா 3 லட்சம்னு வச்சுட்டாங்க. பத்து லட்சம் செக் திரும்பி வந்தவன் 50,000 எடுத்து வைக்கணும். இங்கயும் எவனாவது இதை முன்மாதிரின்னு சொல்லிக்கிட்டு வருவான்ங்கற பயம்தான் எனக்கு.

கோர்ட் நடத்தப் பணம் வேணும், அதைப் பயன்படுத்தறவங்க கொடுக்கட்டும்ங்கறாங்க. யாரு பயன்படுத்தறது? கேஸ் போடற நான் மட்டுமா? கோர்ட்னு ஒண்ணு இருக்கறதாலதான் ஊர்ல பாதிப்பேர் கடனை ஒழுங்கா கட்டறான், வீட்டு ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தர்றான். கோர்ட் வாசலையே மிதிக்காதவங்களுக்கும் அதோட பலன் போய்ச் சேருது. அப்போ செலவும் எல்லார் வரிப்பணத்துல இருந்துதானே வரணும்?

பிரிட்டன்ல 2013ல வேலை தொடர்பான தீர்ப்பாயங்களுக்கு ஃபீஸ் போட்டாங்க. வழக்குகள் மூணுல ஒரு பங்குக்குச் சுருங்கிடுச்சு. சம்பளப் பாக்கி கேக்க வேண்டியவங்க, ஃபீஸுக்குப் பயந்து வாயை மூடிக்கிட்டாங்க. தொழிற்சங்கம் ஒண்ணு கடைசிவரை விடாம போராடி, 2017ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் மொத்த ஃபீஸும் சட்டவிரோதம்னு தூக்கி எறிஞ்சது. நான் மேல சொன்ன அதே காரணத்தையும் அந்தத் தீர்ப்புல எழுதியிருக்காங்க. நம்ம சட்ட ஆணையமும் 1958லயே, உரிமையைப் பறிகொடுத்தவன் பரிகாரம் தேடி வந்தா அதுக்கும் வரி போடறதான்னு கண்டிச்சு எழுதிடுச்சு. யார் காதுல விழுந்துச்சு?

ஜட்ஜ் பத்தலையா, பட்ஜெட்ல ஒதுக்குங்க. கட்டடம் ஒழுகுதா, அதுக்கும் ஒதுக்குங்க. ஏமாந்து வந்து நிக்கறவன் பாக்கெட்டுல கை வைக்காதீங்க.

24,000 கட்டத்தான் போறேன், வேற வழியில்லை. ஆனா இந்த 3 சதவீதத்தை ஏத்தணும்னு யாராவது வாயைத் திறந்தா, வக்கீல்கள் மட்டும் கோர்ட் புறக்கணிப்பு பண்ணிட்டுப் போறதோட விடக் கூடாது. ஊர் ஊரா வணிகர் சங்கங்களும் ஷட்டரை இறக்கிட்டுத் தெருவுக்கு வரணும். எங்க சங்கக் கூட்டத்துல இதைப் பேசப் போறேன்.