உடைந்த கல் யார் கணக்கில்?

திருச்சி வட்டாரத்தில் நகைக்கான செயற்கைக் கல் தீட்டும் பட்டறைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் நேராகக் கூலியில்தான் போய் நிற்கும். கூலி குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூலியையும் கரைப்பது சேதாரப் பிடித்தம், அதாவது உடைந்த கல்லுக்காகக் கூலியில் கழிப்பது. அதைப் பற்றி வாய் திறக்க ஆளில்லை.

கல் ஏன் உடைகிறது? வைரம் போல மின்னும் செயற்கைக் கல்லான அமெரிக்கன் டைமண்ட் வெப்பத்தை லேசில் கடத்தாது. சாணையில் அழுத்திப் பிடித்தால் சூடு அந்தப் பட்டையிலேயே, அதாவது தீட்டுகிற தட்டை முகத்திலேயே, தேங்கும். அதே சூட்டோடு தண்ணீரில் நனைத்தால் விரிசல்தான். அரக்கைக் காய்ச்சிக் குச்சியில் ஒட்டும்போது அவசரப்பட்டாலும் இதே கதி. இதெல்லாம் கைப்பிழை, சரி. ஆனால் பேரிங் தேய்ந்து சாணைத் தட்டு ஆடினால் கல்லின் ஓரம் பொரியும். அது யார் பிழை? செயற்கை மாணிக்கம், நீலம் என்றால் இன்னும் வம்பு. தீச்சுடரில் தூளை உருக்கி வளர்த்த கட்டிக்குள்ளேயே இறுக்கம் இருக்கும். அதனால்தான் முதலில் நெடுக்காக இரண்டாகப் பிளக்கிறார்கள். மிச்ச இறுக்கம் இருந்தால் கடைசி நேரத்திலும் கல் தெறிக்கும். வட்டக் கல்லுக்கு மேலே 33, கீழே 24, ஆக 57 பட்டை. முடியும் தறுவாயில் உடைந்தால் அதுவரை போட்ட பட்டைக்குக் கூலி இல்லை, கல் விலை தண்டம் வேறு!

சீனாவின் வூஜோவிலிருந்து வரும் கல்லோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்று முதலாளிகள் சொல்வது பொய்யில்லை. அதற்காகப் பேரிங் மாற்றாமல் இருக்கலாமா?

தொழிலாளியின் கவனக்குறைவுதான் காரணம் என்று காட்டி, அவர் பதிலையும் கேட்ட பிறகே நஷ்டத்துக்குப் பிடிக்கலாம் என்பது 1936 ஊதியம் வழங்கல் சட்டத்திலிருந்தே உள்ள விதி. வீட்டுக்குக் கல் வாங்கிப்போய்த் தீட்டுகிறவர்களுக்கு அது எட்டுவதே சிரமம். அவர்களுக்குக் கைகொடுப்பது ஒரு நோட்டுதான்.

கல் வாங்கும்போதே ரகம், எண்ணிக்கை, காரட் எடை மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். திருப்பும்போது எண்ணிக்கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வட்டக் கல்லில் பாதி எடைக்கு மேல் தூளாகத்தான் போகும், அதைத் திருட்டு என்று பேசுவது அநியாயம். உடைந்த துண்டுகளைக் காகிதத்தில் மடித்து வையுங்கள். ஓரம் மட்டும் பொரிந்ததா, நடுவே பிளந்ததா என்று பத்து மடங்கு லென்ஸில் இருவரும் சேர்ந்து பார்க்கலாம்.

முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்கு நோட்டில் தனிப் பக்கம். சேதாரத்தையும் அதிலேயே ஏற்றினால் கடன் அடையவே அடையாது. அந்தக் கடனைச் சொல்லி வேறு பட்டறைக்குப் போக விடாமல் மறித்தால், அது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் வருகிற குற்றம். மனுவை நேராக மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கலாம், நோட்டின் நகலோடு.