பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி வீசவும் வேண்டாம், அப்படியே விடவும் வேண்டாம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஆம் திகதியோடு நின்றுவிட்டன. வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை என்று எங்கள் வீடுகளில் இன்னும் அதுவேதான் ஓடுகிறது. பிள்ளையின் சூம் வகுப்பு, அம்மாவின் வங்கிக் கணக்கு, லண்டன் மாமாவோடு வீடியோ கோல், எல்லாம் அந்த ஒரே மெஷினில். "நல்லாத்தானே ஓடுது, ஏன் கை வைப்பான்?" என்பது வீட்டார் கதை. "இனி இது சரிவராது, புதுசு எடுங்கோ" என்பது கடைக்காரர் கதை. இரண்டும் பிழை என்றே சொல்வேன்.

அப்டேட் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்ற, பைல்களைப் பூட்டிக் காசு கேட்கும் வைரஸ் நடத்திய தாக்குதலே காணும். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போடாமல் விட்ட மெஷின்களில்தான் பைல்கள் பூட்டப்பட்டன. வங்கிக் கணக்கைத் திறக்கும் கம்ப்யூட்டரை இப்படி விடுவது வாசல் கதவைச் சாத்தாமல் படுப்பதற்குச் சமம்.

முதலில் உங்களிடம் இருக்கும் மெஷின் அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பாருங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட். அங்கே பிராசஸரின் பெயர் இருக்கும். இன்டெல் ஐ3, ஐ5, ஐ7 என்றால் அடுத்து வரும் எண்ணின் முதல் இலக்கம்தான் தலைமுறை: 7200 என்றால் ஏழு, 8250 என்றால் எட்டு. 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். 1035 பத்தாம் தலைமுறை, 1135 பதினொன்று. எட்டும் அதற்கு மேலும் என்றால் விண்டோஸ் 11 ஏற்கும். ஏஎம்டி ரைசனில் 2000 வரிசையில் சில உள்ளே, சில வெளியே. மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவச செயலியை ஓட்டினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

11-க்கு டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். அந்தச் செயலி "டிபிஎம் இல்லை" என்று சொன்னதும் மனம் விட வேண்டாம். எட்டாம் தலைமுறை மெஷின்களில் டிபிஎம் 2.0 பெரும்பாலும் பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது, பயோஸில் (மெஷினைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை செட்டிங்ஸில்) அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெலில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும். அதை இயக்கினால் போதும். தனியாகச் சிப் விற்க வருபவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

11 எதிர்பார்க்கும் இன்னொன்று செக்யூர் பூட், மெஷின் எழும்பும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு. இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து பயோஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். யூஇஎஃப்ஐ (புதிய முறை) என்று இருந்தால் பிரச்சினை இல்லை. லெகசி (பழைய முறை) என்று இருந்தால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது, அதை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டும். விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்டூஜிபிடி என்ற கருவி ஃபார்மட் பண்ணாமலே மாற்றித் தரும். டிஸ்க்கில் பிரைமரி பார்ட்டிஷன்கள் (முதன்மைப் பிரிவுகள்) மூன்றுக்கு மேல் இருந்தால் மறுக்கும். வரிசை முக்கியம். முதலில் டிஸ்க், பிறகு பயோஸில் யூஇஎஃப்ஐ, கடைசியில் செக்யூர் பூட். பயோஸை முதலில் மாற்றினால் பூட் டிவைஸ் இல்லை என்று கறுப்புத் திரை வரும். பதற வேண்டாம், திரும்ப லெகசிக்கு மாற்றினால் பழையபடி எழும்பும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் ஆளைக் குழப்பிவிடும். நாலைந்து வருடமான மதர்போர்டில் சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்திருக்கலாம். அப்படியானால் ஒவ்வொரு கரண்ட் கட்டிலும் பயோஸ் பழைய நிலைக்குப் போய், நீங்கள் இயக்கிய டிபிஎம் திரும்ப அணையும். திகதியும் பின்னுக்குப் போவதால் வங்கித் தளங்கள் சான்றிதழ் பிழை காட்டும். டிரைவ் பிட்லாக்கரில் (விண்டோஸின் டிஸ்க் பூட்டில்) பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியையும் கேட்கும். சில நூறு ரூபாய் பேட்டரியை முதலே மாற்றிவிடுங்கள். பயோஸைத் தொடும் முன் பிட்லாக்கரை இடைநிறுத்தி, சாவியைக் கடதாசியில் எழுதி வையுங்கள்.

அதற்குப் பிறகு ஹார்ட் டிஸ்க். என்னைக் கேட்டால் விண்டோஸை விட இதுதான் பெரிய கேள்வி. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 11 போட்டுவிட்டு "11 சரியான ஸ்லோ" என்று ஏசுவதில் நியாயமில்லை. டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற செயலியில் 'கோஷன்' (எச்சரிக்கை) என்று மஞ்சளில் வந்தால் அப்கிரேட் பண்ணவே கூடாது. பல ஜிபியை எழுதி அழிக்கும் அந்தச் சுமையில் நலிந்த டிஸ்க் பைல்களோடு போய்விடும். பைல்களைக் கொப்பி எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) வாங்குங்கள். வீட்டுக்கு 256 ஜிபி தாராளம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போகும் முன் உங்கள் லேப்டாப் எதை ஏற்கும் என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். 2.5 அங்குல சாட்டாவா (தட்டையான பெட்டி), எம்.2 ஆ (மெல்லிய பட்டை)? எம்.2-விலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. ஒரு வகையை மட்டும் ஏற்கும் மெஷின், ஸ்லாட்டில் பொருந்தினாலும் மற்ற வகையை அடையாளம் காணாது. ரேம் 4 ஜிபி என்பது மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம். குரோமும் சூமும் சேர்ந்து ஓட 8 வேண்டும்.

இவ்வளவும் சரி என்றால் தாமதிக்காமல் 11-க்குப் போங்கள். ஒரிஜினல் 10 இருந்தால் இலவசம். ஆக்டிவேஷன் பக்கத்தில் "உங்கள் நிறுவனத்தின் சேவை மூலம்" என்ற கருத்தில் ஏதும் எழுதியிருந்தால் அது வீட்டு மெஷினில் வர நியாயமில்லை. யாரோ கள்ள ஆக்டிவேட்டர் போட்டிருக்கக்கூடும். அதன் மேல் அப்கிரேட் பண்ணாமல் முழுதாகத் துடைத்துவிட்டு லைசென்ஸோடு போடுவதுதான் நல்லது. 32 பிட் விண்டோஸ் 10-க்கும் நேர் அப்கிரேட் இல்லை, 11 வருவது 64 பிட்டில் மட்டும்.

டவுன்லோட் பல ஜிபி வரும், இரவு நேர டேட்டா உள்ள பேக்கேஜ் என்றால் அதை இரவில் எடுங்கள். 30 ஜிபி வரை இடம் வைத்திருங்கள். வெளியிலிருந்து போட்ட ஆன்டிவைரஸை நீக்கி, பிரிண்டர், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் கட்டாயம். லேப்டாப் என்றால் பேட்டரி நிறைந்து சார்ஜரிலும் இருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் செட்டிங்ஸின் ரிகவரி பக்கத்தில் இருந்து 10-க்குத் திரும்பலாம். அதற்குள் டிஸ்க் கிளீனப் ஓட்டிப் பழைய விண்டோஸை அழித்தால் அந்த வழி மூடிவிடும்.

கடையில் கொடுத்து "ஃபார்மட் பண்ணித் தாங்கோ" என்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த கடிதங்கள் எத்தனை வீட்டில் இருக்கின்றன! நேர் அப்கிரேட்டில் எழுத்துருக்கள் அப்படியே இருக்கும். ஃபார்மட் பண்ணினால் அவை போய்விடும், கடிதங்கள் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஃபொன்ட்ஸ் போல்டரையும் கொப்பி எடுக்கச் சொல்லுங்கள்.

இனி ஏழாம் தலைமுறையும் அதற்குக் கீழும். ஈஎஸ்யூ என்ற நீட்டிப்பில் பதிந்தால் விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-வும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். அப்டேட் பக்கத்தில் பதியும்போது 30 டொலர் கட்டச் சொல்லும், ஆனால் செட்டிங்ஸை பேக்கப் பண்ணச் சம்மதித்தால் காசில்லை. படங்கள், டொக்யூமென்ட்ஸ் போல்டர்களின் டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவின் 5 ஜிபி நிறைந்து தொல்லை தரும்.

ரூஃபஸ் என்ற செயலி கொண்டு, மெஷின் தகுதிச் சோதனைகளைத் தாண்டி 11-ஐப் போடலாமே என்பார்கள். போடலாம்தான். ஆனால் அப்படிப் போட்ட மெஷினுக்குப் புதிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் யாராவது கையால் போட வேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 ஹோம் பதிப்புக்கான அப்டேட்டும் அதே 2026 அக்டோபர் 13-இல் நிற்கிறது. வீட்டில் அதைக் கவனிக்க ஆள் இருந்தால் செய்யுங்கள். தனியே இருக்கும் பெற்றோரின் மெஷினில் செய்து வைத்துவிட்டு வெளிநாடு போகாதீர்கள்.

அவர்களுக்கு நான் சொல்வது, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட். 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு, 4 ஜிபி ரேமில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு நன்றாக ஓடும். குரோம், சூம், வாட்ஸ்அப் வெப் எல்லாம் வேலை செய்யும். எம்எஸ் ஆபிஸ் ஓடாது. அதற்குப் பதிலான லிப்ரே ஆபிஸில் வேர்ட் பைலைத் திறக்கலாம், ஆனால் பந்திகளும் அட்டவணைகளும் சில வேளை குலையும். ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சுக் கருவியைப் போட்டால் தமிழ் 99 மட்டுமல்ல, எங்கள் ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கும். 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டர் ஒரு பக்கம் அடிக்கிறதா, வங்கித் தளம் திறக்கிறதா? இந்த நான்கும் சரி என்றால் மட்டும் இன்ஸ்டால் பட்டனை அமத்துங்கள்.