சாலிடா, செமி ஹாலோவா? முதலில் ஆம்பை எவ்வளவு திறப்பீர்கள் என்று சொல்லுங்கள்

அக்கா மகன் போன வாரம் போன் பண்ணினான். "மாமா, ஜாஸ், ப்ளூஸ்னா செமி ஹாலோ, ராக்னா சாலிட் பாடி. சரிதானே? நான் எதை வாங்கட்டும்?" என்றான். உடம்பு முழுக்கக் கட்டையாக இருப்பது சாலிட் பாடி, பாதி காலியாக இருப்பது செமி ஹாலோ. இதே கேள்வியை உள்பெட்டியில் கேட்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். அவனிடம் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

என்ன இசை வாசிப்பாய் என்று நான் அவனிடம் கேட்கவே இல்லை. "எங்கே உட்கார்ந்து வாசிக்கப் போகிறாய்? ஆம்பில் எவ்வளவு சத்தம் வைப்பாய்?" என்றுதான் கேட்டேன். ஆம்ப் என்பது கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி. பதினைந்து வருடமாக இரண்டையும் மாறி மாறி வாசித்ததில் எனக்குத் தெளிவானது இதுதான். இந்த முடிவில் இசைவகைக்கு இருக்கும் பங்கு ரொம்பச் சிறியது. சத்தத்துக்குத்தான் பெரிய பங்கு.

இசைவகைக் கணக்கு எவ்வளவு ஓட்டை என்பதற்குப் பெரிய கலைஞர்களே சாட்சி. கனடாவின் எட் பிக்கர்ட் ஜாஸ் கிட்டாரில் மதிக்கப்படும் பெயர். அவர் பெயரோடு சேர்ந்தே நினைவுக்கு வருவது ஃபெண்டர் டெலிகாஸ்டர். கன்ட்ரி இசைக்காரர்களின் கருவி என்று எல்லோரும் முத்திரை குத்திவைத்த சாலிட் கட்டை அது. கண்ணை மூடிக்கொண்டு அவர் வாசிப்பைக் கேட்டால் பெரிய வயிறு வைத்த ஹாலோ கிட்டார் என்றே நினைப்பீர்கள். மறுபக்கம், ராக் கலைஞர் ஆல்வின் லீ 1969-இல் வுட்ஸ்டாக் இசைவிழா மேடையைப் புயல் வேகத்தில் கலக்கியது சிவப்பு கிப்சன் இஎஸ்-335-ஐ வைத்துக்கொண்டு. அது செமி ஹாலோ. ஃபூ ஃபைட்டர்ஸ் ராக் குழுவின் டேவ் க்ரோல் கையில் இருப்பதும் அதே குடும்பத்துக் கிட்டார்தான். அவரை யாரும் ஜாஸ் கலைஞர் என்று சொல்ல மாட்டார்கள்.

புதிதாக வருபவர்களுக்காக அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாலிட் பாடி என்பது கட்டை. மரம் ஆல்டரோ ஆஷோ மஹோகனியோ, பிக்கப்புக்கும் (கம்பியின் அசைவைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் காந்தம்) வயருக்கும் மட்டும் குடைந்திருப்பார்கள். ஹாலோ பாடி உள்ளே முழுக்கக் காலி. செமி ஹாலோவில் நடுவில் நெக்கிலிருந்து கீழ்முனை வரை ஒரு கட்டை ஓடும். அதன் இருபுறமும் காலி, மேலே எஃப் வடிவத் துளைகள். கிப்சன் 1958-இல் கொண்டுவந்த இஎஸ்-335 தான் இதற்கு மூலவர். நடுவில் மேப்பிள் கட்டை, மேலும் கீழும் வளைத்த பிளைவுட். பிளைவுட் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். அந்த விறைப்புதான் அந்தக் கிட்டாருக்கு வேண்டியது.

இதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞர், 1940-ஐ ஒட்டிய காலத்தில், நாலங்குலச் சதுரப் பைன் கட்டை ஒன்றில் கம்பியும் பிக்கப்பும் பூட்டி வாசித்துப் பார்த்தார். பார்ப்பதற்குக் கிட்டார் மாதிரி இல்லையே என்று, ஒரு ஹாலோ கிட்டாரின் உடம்பை இரண்டாக அறுத்து இருபுறமும் ஒட்டினார். 'லாக்' என்று அதற்குப் பெயர். சாலிட் பாடியின் முன்னோடி என்றுதான் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். ஆனால் உற்றுப் பாருங்கள்: நடுவில் கட்டை, இருபுறமும் காலி இறக்கைகள். அப்படியே 335-இன் வரைபடம்! இரண்டு வகையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். இரண்டும் பிறந்ததற்குக் காரணமும் ஒன்றே: ஃபீட்பேக், அதாவது ஆம்பின் சத்தம் கிட்டாருக்கே திரும்பி வந்து ஊளையிடுவது.

அந்த ஃபீட்பேக் என்னை எப்படிப் பிடித்தது என்று சொல்கிறேன்.

செமி ஹாலோ வாங்கி இரண்டு மாதம் இருக்கும். வீட்டில் தேன் மாதிரி ஒலித்தது. அதே நம்பிக்கையில் மேடைக்கு எடுத்துப் போனேன். சின்ன மேடை. ஆம்ப் எனக்குப் பின்னால் ஒரு எட்டுத் தூரத்தில், டிரம்ஸ் பக்கத்தில். டிரம்ஸ் சத்தத்தில் எனக்கே நான் கேட்கவில்லை, அதனால் வால்யூமை ஏற்றினேன். இரண்டாவது பாட்டில் சோலோவுக்காகப் பெடலை மிதித்த நொடியில், கீழே எங்கிருந்தோ "ஊஊஊ" என்று ஓர் ஊளை கிளம்பி, நான் வாசித்த எல்லாவற்றையும் விழுங்கியது. கம்பிகளை உள்ளங்கையால் அழுத்தினேன், நிற்கவில்லை. விலாவில் சாய்ந்திருந்த கிட்டாரின் முதுகு குலுங்குவது சட்டையைத் தாண்டித் தெரிந்தது. வால்யூம் நாப்பை முழுக்கக் குறைத்த பிறகுதான் அடங்கியது. அதற்குள் சோலோ முடியவேண்டிய இடமே வந்துவிட்டது. பாடகர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தேடியதில் அந்த ஊளை எந்தச் சுரம் என்று கண்டுபிடித்தேன். ஆறாம் கம்பி, மூன்றாம் ஃப்ரெட், ஜி. ஏறக்குறைய 98 ஹெர்ட்ஸ். என் கிட்டாரின் உடம்பு தானாகவே அந்த இடத்தை ஒட்டி அதிர விரும்புகிறது. ஸ்பீக்கரிலிருந்து வரும் காற்று மேல்பலகையைக் குலுக்குகிறது, பலகை கம்பியைக் குலுக்குகிறது, கம்பி பிக்கப் வழியாகத் திரும்ப ஆம்புக்குப் போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சத்தம் கூடிக்கொண்டே போகும். சாலிட் கட்டை இந்தச் சங்கிலியில் அவ்வளவு சுலபமாகச் சேராது, அதைக் காற்றால் குலுக்குவது கஷ்டம். முழு ஹாலோ உடனே சேர்ந்துவிடும். செமி ஹாலோவின் நடுக்கட்டை, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜைப் பிடித்துவைப்பதால் ஓரளவு வரை தாங்கும். அந்த 'ஓரளவு' எவ்வளவு என்பதுதான் நாம் யோசிக்கவேண்டிய விஷயமே. ப்ளூஸ் மேதை பி.பி. கிங் பெயரில் கிப்சன் செய்த லூசில் கிட்டாரில் எஃப் துளைகளே இல்லை, ஃபீட்பேக்கைக் குறைக்கத்தான் அந்த ஏற்பாடு. அவருக்கே அது தேவைப்பட்டது என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அடித்தொண்டையில் வரும் ஊளை உடம்பின் வேலை. காதைக் கிழிக்கும் கீச்சொலி பெரும்பாலும் பிக்கப்பின் வேலை, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) தளர்ந்து அதிர்வதால் வருவது. மெழுகில் முக்கி எடுத்தால் சரியாகிவிடும். சாலிட் கிட்டாரிலும் அது வரும். கீச்சொலியைக் கேட்டுவிட்டு "செமி ஹாலோன்னாலே இப்படித்தான்" என்று கிட்டாரை விற்றுவிட்ட நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல கிட்டார், வருத்தமாக இருந்தது.

அடுத்த நிகழ்ச்சியில் ஆம்பைப் பக்கவாட்டுக்குத் தள்ளினேன், பாஸ் நாப்பை நன்றாகக் குறைத்தேன், எஃப் துளைகளுக்குள் ஸ்பாஞ்ச் துண்டுகளைத் திணித்தேன். பெடலில் கெயினை, அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் அளவை, பாதியாக்கினேன். ஊளை வரவில்லை. கடைசிப் பாட்டில் பதினைந்தாம் ஃப்ரெட்டில் ஒரு சுரத்தைப் பிடித்து அப்படியே மெல்ல ஆம்பின் பக்கம் திரும்பினேன். சாக வேண்டிய சுரம் சாகவில்லை. ஒரு கணம் தயங்கி, பிறகு மேலே ஒரு ஆக்டேவ் ஏறி, புல்லாங்குழல் மாதிரி நின்றது. அரை அடி நகர்ந்தால் கனத்தது, திரும்பினால் மெலிந்தது. கிட்டார் என்னோடு பேசுகிறது என்று முதல்முறை தோன்றியது அன்றுதான். சாலிட் கிட்டாரிலும் இதைச் செய்யலாம், ஆனால் சுவர் அதிரும் அளவுக்கு ஆம்பைத் திறக்க வேண்டும். செமி ஹாலோவில் அக்கம்பக்கத்தோடு பேசிக்கொண்டே செய்யலாம் என்கிற அளவு சத்தம் போதும். முந்தின மேடையில் என்னைக் கவிழ்த்த அதே குணம்தான் இது.

அப்புறம், ஒலி வித்தியாசம். இணையத்தில் வரும் ஒப்பீடுகளில் பாதிக்கு மேல் நியாயமற்றவை. ஒரு கையில் ஸ்ட்ராட்டோகாஸ்டர், இன்னொரு கையில் 335. ஸ்ட்ராட்டில் ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) பிக்கப், 335-இல் இரட்டைச் சுருள் ஹம்பக்கர். ஸ்ட்ராட்டின் கம்பி நீளம் 25.5 அங்குலம், 335-இல் 24.75. இத்தனையும் மாறியிருக்கும்போது கேட்கும் வித்தியாசத்தை "காலி உடம்பின் ஒலி" என்று சொல்வது தப்பு. காந்தப் பிக்கப் கேட்பது கம்பியின் அசைவை, மரத்தை நேரடியாக அல்ல. ஒப்பிட வேண்டுமென்றால் கிப்சனின் லெஸ் பால் மாடலையும் 335-ஐயும் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் ஹம்பக்கர், ஒரே கம்பி நீளம். அப்போது வித்தியாசம் எவ்வளவு சின்னது என்று ஆச்சரியப்படுவீர்கள். டிஸ்டார்ஷனை (கரகரப்பை) ஏற்றிவிட்டால் நானே பலமுறை தடுமாறியிருக்கிறேன். கிளீன் டோனில் மட்டும் எனக்குத் தெரிகிறது: பிளக்ட்ரம் தொடும் கணத்தில் செமி ஹாலோவில் கொஞ்சம் காற்று கலந்த சத்தம், சுரம் முடியும்போது சற்றுச் சீக்கிரம் விட்டுக்கொடுக்கும் குணம். சாலிடில் தொடக்கம் கறாராக இருக்கும், முடிவு நீளும். அதனால் நீங்கள் சோதித்துப் பார்க்கும்போது சுரத்தின் முடிவைக் கேளுங்கள். ஒரு கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டை) தட்டிவிட்டு, அது முழுக்கக் கரையும் வரை கையை எடுக்காமல் இருங்கள். கடையில் யாருமே அந்த அளவு பொறுமையாக இருப்பதில்லை.

இனி நான் அழுத்திச் சொல்ல வந்த இடம். சாலிட் பாடி எதற்காகப் பிறந்தது? டிரம்ஸோடும் கூட்டத்தின் இரைச்சலோடும் போட்டி போடும் மேடைக்காக. இன்று கிட்டார் வாங்கும் எத்தனை பேர் அப்படியொரு மேடையில் நிற்கிறார்கள்? என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் இரவு வேலை முடிந்து வந்து, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிப்பவர்கள். ஹெட்போனில் ஸ்பீக்கர் காற்றே கிட்டாரைத் தொடுவதில்லை, ஃபீட்பேக் சங்கிலி அங்கேயே அறுந்துவிடுகிறது. செமி ஹாலோவின் பெரிய குறை என்று ஊரெல்லாம் சொல்லும் அந்த ஒன்று இவர்களுக்குக் கிடையவே கிடையாது. மிஞ்சுவது நல்லது மட்டும். ஆம்பே போடாமல் எடுத்து வாசித்தால் அறைக்குப் போதுமான சத்தம் தரும். சத்தம் தருகிற கிட்டாரைக் கை தானாக எடுக்கும். சாலிடை எடுத்தால் வயர் குத்த வேண்டும், சுவிட்ச் போட வேண்டும், அதற்குள் பத்து நிமிட ஓய்வு கரைந்துவிடும். என் செமி ஹாலோ சுவரோரம் ஸ்டாண்டில் நிற்கிறது, நான் தினமும் தொடுவது அதைத்தான். வீட்டில் வாசிப்பவருக்கு "முதல் கிட்டார் சாலிடாகத்தான் இருக்க வேண்டும்" என்று சொல்லும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை.

அதே சமயம் ஹை கெயின் வைத்து, பாம் மியூட் அடித்து (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசித்து), டிரம்ஸ் பக்கத்தில் நின்று வாசிக்கும் பேண்டில் இருக்கிறீர்களா? யோசிக்கவே வேண்டாம், சாலிட்.

எடை பற்றி ஒரு வார்த்தை. "செமி ஹாலோ இலகுவாக இருக்கும்" என்று நம்பி வாங்காதீர்கள். 335 வகை பெரும்பாலும் மூன்றரைக் கிலோவைத் தாண்டும், நடுக்கட்டை சும்மா இல்லை. பல ஸ்ட்ராட்கள் அதே எடைதான். நாலு கிலோவைத் தாண்டும் லெஸ் பாலோடு ஒப்பிட்டால்தான் இலகு. தோள்வலிக்காரர்கள் தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது.

ரிப்பேரையும் யாரும் சொல்வதில்லை. ஸ்ட்ராட்டில் வால்யூம் பாட் (நாப்புக்கு அடியில் இருக்கும் பாகம்) கரகரத்தால் முன்பலகை திருகுகளைக் கழற்றினால் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். என் செமி ஹாலோவில் முதுகில் மூடியே கிடையாது. ஒரே வழி எஃப் துளை. ஒவ்வொரு வால்யூம், டோன் பாட் தண்டிலும் நூல் கட்டி, உள்ளே தள்ளி, துளை வழியாக வெளியே இழுத்து, சால்டர் வைத்து, மறுபடி நூலைப் பிடித்து அதன் ஓட்டைக்கு இழுத்துவர வேண்டும். முதல் தடவை நூல் கட்டாமல் இறங்கி ஒரு முழு மாலையைத் தொலைத்தேன். ஜாக்கின் நட்டு தளர்ந்தால் அன்றே இறுக்கிவிடுங்கள், உள்ளே விழுந்துவிட்டால் இதே வேலைதான்.

கடைக்குப் போகும்போது நீங்கள் வழக்கமாக வைக்கும் சத்தத்திலேயே ஆம்பை வைக்கச் சொல்லுங்கள். ஆம்புக்கு நேராக நின்று, கம்பிகளைத் தொடாமல், வால்யூமை மெல்ல ஏற்றிப் பாருங்கள். எந்த இடத்தில் ஊளை தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். அது நீங்கள் வாசிக்கும் சத்தத்துக்கு மேலே இருந்தால் கவலையில்லை.

அக்கா மகன் போன சனிக்கிழமை போனான். ஹெட்போனில் வாசிப்பவன், அதனால் செமி ஹாலோ எடுப்பான் என்றே நினைத்தேன். இரண்டையும் மடியில் வைத்து அரைமணி நேரம் வாசித்திருக்கிறான். பதினாறு அங்குல அகலம் அவனுக்குச் சரிப்படவில்லை, வலது தோள் தூக்கிக்கொண்டே இருந்ததாம், பத்து நிமிடத்தில் கழுத்து இறுகியதாம். "மாமா, சத்தம் செமில நல்லா இருந்துச்சு, ஆனா உடம்பு சாலிட்லதான் உக்காந்துச்சு" என்றான். அகலத்தைப் பற்றி அவனிடம் நான் சொல்லவே இல்லை. டெலிகாஸ்டர் வடிவத்தில் ஒரு சாலிடை வாங்கி வந்திருக்கிறான். நேற்றிரவு பதினொன்றரைக்கு ஒரு நிமிடப் பதிவு அனுப்பினான். இரண்டே கார்டுதான், இரண்டாவதைக் கரையும் வரை விட்டிருந்தான்.