ஜாப் ஐடி எங்கே தம்பி?

லிங்க்ட்இன்ல மெசேஜ் போடற புண்ணியவான்களே, "ஹாய் சார்"னு மட்டும் போட்டுட்டு எதுக்குய்யா காத்துக்கிட்டு இருக்கீங்க? நானும் ஹாய் போட்டா, அடுத்து "எப்படி இருக்கீங்க சார்". அதுக்கும் பதில் சொன்னா "சாப்டாச்சா". முகமே தெரியாத ஆளு, நான் சாப்பிட்டேனா இல்லையான்னு கவலைப்படறாரு. மறுநாள் மத்தியானம்தான் விஷயம் வெளியில வரும்: "உங்க கம்பெனில ஏதாவது ஓப்பனிங் இருக்கா?"

ஏதாவதா! ஆயிரக்கணக்குல ஆள் வேலை பாக்கற ஐடி கம்பெனிய்யா இது. டெஸ்டிங்கா, ஜாவாவா, சப்போர்ட்டான்னு நான் என்ன கிளி ஜோசியமா பாக்க முடியும்? காலியா இருக்கற வேலையெல்லாம் ஜாப் ஐடியோட, அதாவது ஒவ்வொரு வேலைக்கும் கம்பெனி குடுக்கற நம்பரோட, வெப்சைட்டோட கேரியர்ஸ் பக்கத்துல கிடக்கு. உங்களை நான் ரெஃபர் பண்ணணும்னா, அதாவது கம்பெனில வேலை பாக்கறவனா உங்க பேரைச் சிபாரிசு பண்ணணும்னா, ரெஃபரல் போர்ட்டல்ல அந்த ஐடி, உங்க மெயில், போன் நம்பர், எத்தனை வருஷ அனுபவம், நோட்டீஸ் பீரியட் (பழைய கம்பெனிய விட்டு வர எடுக்கற நாள்) 30 நாளா 90 நாளா, எல்லாம் அடிக்கணும். ஒவ்வொண்ணையும் நானே கேட்டுக் கேட்டு வாங்கணும். ரெஸ்யூமே அனுப்புங்கன்னா கூகுள் டிரைவ் லிங்க் வரும். தொட்டா, அனுமதி கேளுன்னு நிக்கும். அதையும் தாண்டித் திறந்தா, முதல் பத்தியிலேயே வேற கம்பெனிக்குச் சேவை செய்யத் துடிக்கறதா எழுதியிருக்கும். (சத்தியமா, கற்பனை இல்ல.)

இன்னொரு ரகம் இருக்கு. ஆள் பிடிச்சுக் குடுக்கற கன்சல்டன்சி மூலமா அதே வேலைக்கு ஏற்கெனவே அப்ளை பண்ணிட்டு, அதைப் பத்தி மூச்சுவிடாம என்கிட்ட வருவாங்க. நான் எல்லாத்தையும் அடிச்சு முடிச்சதும், இந்த ஆள் ஏற்கெனவே இருக்காருன்னு சிஸ்டம் தள்ளிடும்.

தெரியாதவங்ககிட்ட கேக்கறது தப்புன்னு சொல்லவே இல்ல. கேக்கணும். மார்க் கிரானோவெட்டர்ங்கற அமெரிக்க சமூகவியல்காரர் 1973-லயே இதை எழுதிட்டாரு. அவர் விசாரிச்சதுல, ஆள் மூலமா வேலை கிடைச்சவங்கள்ல கிட்டத்தட்ட ஆறுல ஒருத்தருக்குத்தான் அந்த ஆளோட அடிக்கடி பழக்கம். மத்தவங்களுக்கெல்லாம் எப்பவாவது பாக்கற ஆள்தான் கைகொடுத்திருக்காங்க. கூடவே சுத்தற சினேகிதனுக்குத் தெரிஞ்ச சேதி உங்களுக்கும் தெரிஞ்சுதான இருக்கும்! லிங்க்ட்இன்ல ரெண்டு கோடிப் பேரை வெச்சு நடந்து, 2022-ல வெளியான ஆய்வும் ஏறக்குறைய அதையேதான் சொல்லுச்சு. அப்போ இந்த அரைப் பழக்கம் எவ்வளவு பெரிய விஷயம்! அதைப் போய் இப்படி நாசம் பண்றீங்களேன்னுதான் வயிறு எரியுது.

நாலே வரி போதும். நீங்க யாரு, எந்த ஜாப் ஐடி, அதுக்கு நீங்க ஏன் சரிப்பட்டு வருவீங்க, கூடவே ஒரு பிடிஎஃப். "முடியலைன்னா பரவாயில்ல"ன்னு ஒரு வார்த்தை சேத்துட்டா, ராத்திரி பதினொரு மணிக்குக்கூட உக்காந்து ரெஃபர் பண்ணிக் கொடுப்பேன்.

அதெல்லாம்கூட பொறுத்துக்கலாம். ரெஃபர் பண்ணினதுக்கு அப்புறம் வருமே ஒரு மௌனம், அதைத்தான் தாங்க முடியல. இன்டர்வியூ நடந்துச்சா, தெரியாது. செலக்ட் ஆனாங்களா, தெரியாது. ஒருத்தர் ஆஃபரை வாங்கிக்கிட்டு, 90 நாள் நோட்டீஸ் முழுக்க அதைக் காட்டியே வேற வேற இடத்துல சம்பளத்தை ஏத்திக்கிட்டு, சேர வேண்டிய அன்னிக்குப் போனை அணைச்சு வெச்சுட்டாரு. வேற நல்ல இடம் கிடைச்சா போங்க, யாரு தடுத்தா? ஒரு வாரம் முன்னாடி சொல்லித் தொலைச்சிருந்தா, மேனேஜர் முன்னாடி நான் முழிச்சுக்கிட்டு நின்னிருக்க வேண்டாம். அடுத்து உண்மையிலேயே தகுதியான ஒரு பொண்ணை ரெஃபர் பண்ணப் போனா, "போன தடவை மாதிரி ஆளா?"ன்னு கேக்கறாங்க.

இதையெல்லாம் கேட்டா, "ரெஃபரல் போனஸ் உங்களுக்குத்தான சார் வரும்"னு ஒரு பதில். நீ சேர்ந்து, சில மாசம் தாக்குப்பிடிச்சாதான் எனக்கு அந்தக் காசே வரும். அதையும் நீயே வெச்சுக்க தம்பி. இப்போ ரெக்ரூட்டர் கூப்பிடறாங்க, அந்தப் போனை மட்டும் எடு.